புதுப்பிப்பு: டிரெயில் (மண் தட) சைக்கிள் சவாரிக்குக் கைப் பம்ப், ஒரு திருத்தம்

முந்தைய இழையில் "120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏறும் பம்பாகப் பாருங்கள்" என்று எழுதியிருந்தேன். ரோடு சைக்கிளுக்குச் சரி. எண்ணூர், பழவேற்காடு பக்கம் மண் தடத்தில் ஓட்டுபவர்களுக்குத் தப்பு. 2.2 இஞ்ச் டயருக்கு 25 முதல் 30 பிஎஸ்ஐ போதும். அந்த அழுத்தம் ஏற்றும் ஒல்லிக் குழல் பம்பில் ஒரு அடிக்குக் கொஞ்சம் காற்றே போகும், அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிடும். தடித்த குழல் உள்ளதை எடுங்கள்.

ஹோஸ் (பம்பையும் வால்வையும் இணைக்கும் வளையும் குழாய்) கட்டாயம். பம்பை நேராக வால்வில் மாட்டி அடித்தால், அந்த ஆட்டத்தில் வால்வு டியூபோடு சேரும் இடத்தில் கிழியும். திருகு ஹோஸிலும் ஒரு வம்பு உண்டு: கழற்றும்போது பிரெஸ்டா வால்வின் (ஒல்லியான வகை வால்வு) 'கோர்' என்ற உள் துண்டும் சேர்ந்து கழன்று, அடித்த காற்றெல்லாம் 'புஸ்'. கிளம்புமுன் கோரை இறுக்குங்கள். விரல் போதாது, கோர் கீ (அதைத் திருகும் சிறு சாவி) வேண்டும்.

பம்புக்குப் பதில் டயரை நிரப்பும் கார்பன் டையாக்சைடு சிலிண்டர் பற்றிக் கேட்டவர்களுக்கு: வேகம்தான், ஆனால் ஒரு தரத்தோடு சரி. சீமைக்கருவேல முள் ஒரு பஞ்சரோடு விடுமா? டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவி, ஒடிந்த முனையைப் பிடுங்காமல் காற்றடித்தால் புது டியூபும் போச்சு.

பம்பின் வாயைப் பிளாஸ்டிக் உறையால் மூடி வையுங்கள், மணல் ஏறாது. பம்பின் உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்தால் சிலிக்கான் கிரீஸ் துளி. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்.