பயிற்சி பெற்ற காப்பக நாய்களைப் பள்ளிக்கு அழைத்து நிகழ்ச்சி நடத்தலாமா? பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

மூன்றாம்வகுப்பு_டீச்சர்:

வணக்கம். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் வந்து நிகழ்ச்சி நடத்துகிறோம் என்று ஒரு குழு கேட்டிருக்கிறது. எல்லாமே யாரோ கைவிட்டு, காப்பகத்துக்கு வந்து, அங்கிருந்து இவர்கள் எடுத்து வளர்த்த நாய்கள். வளையத்துக்குள் பாயும், செத்ததுபோல் படுக்கும், பயிற்சியாளர் நடக்க நடக்க அவர் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடும். இடையிடையே நாய்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். வீடியோ அனுப்பினார்கள், எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

என் பயம் வேறு. இவ்வளவு சமர்த்தான நாய்களைப் பார்த்த பிள்ளை, மறுநாள் வழியில் எந்த நாயைக் கண்டாலும் கட்டிப்பிடிக்கப் போய்விட்டால்? என் வகுப்பில் எல்லாம் 7, 8 வயது. நாலைந்து பேர் நாய் வாலாட்டினால் போதும், ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிற ரகம். நேர்மாறாக ஒரு பெண் சின்ன வயதில் கடிபட்டவள், நாய் குரைக்கிற சத்தம் கேட்டாலே என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். படம் போட்டு விளக்கினால் போதாதா, நிஜ நாய் வேண்டுமா?

பயிற்சிக்களம்:

டீச்சர், உங்கள் பயம் நியாயமானது. நான் மூன்று காப்பக நாய்களை வைத்து இதே மாதிரி நிகழ்ச்சிகள் நடத்துகிறேன், முதல் வருடம் நீங்கள் சொன்ன தவறைத்தான் செய்தேன். வித்தைகள் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து எல்லோரையும் தடவிக்கொடுக்க விடுவேன். ஒரு வாரம் கழித்து ஒரு அம்மா கூப்பிட்டு, பையன் பக்கத்து வீட்டு கேட்டுக்குள் கையை விட்டு நாயைத் தொடப் பார்த்தான், கேட்டால் "அந்த அங்கிளோட நாய் ஒண்ணும் பண்ணலையே" என்கிறான் என்றார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்பது இன்றும் உறுத்துகிறது.

அதன்பிறகு நிகழ்ச்சியையே மாற்றிவிட்டேன். இப்போது என்னிடம் பெரிய கைதட்டல் வாங்குவது "வேண்டாம்" என்று சொல்கிற நாய். அவளைப் பாயில் உட்காரவைத்து, தலைக்கு மேலாகக் கையை நீட்டிக்கொண்டு போவேன். அவள் முகத்தைத் திருப்புவாள், உதட்டை நக்குவாள், கொட்டாவி விடுவாள். மூன்றுமே சைகைக்குச் செய்யும்படி பழக்கியது. "இவ என்ன சொல்றா?" என்று கேட்டால் பாதிப் பேர் "தூக்கம் வருது!" என்று கத்துவார்கள். தூக்கம் இல்லை, 'எனக்குப் பிடிக்கலை, கொஞ்சம் தள்ளிப்போ' என்பதை நாய் இப்படித்தான் சொல்லும் என்று விளக்கிவிட்டு, கையை எடுத்து இரண்டடி பின்னால் போவேன். அவள் உடம்பு தளர்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். உடனே கிளிக்கர் (நாய் சரியாகச் செய்ததும் 'டிக்' என்று அழுத்துகிற சின்னக் கருவி) சத்தம், ஒரு துண்டுத் தீனி. உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதிலும் இதுதான். படத்தில் கொட்டாவியைக் காட்டலாம், நாம் விலகியதும் அந்த உடம்பு இளகுவதைக் காட்ட முடியாது.

அவள் கதையையும் சொல்வேன். காப்பகத்திலிருந்து வந்தபோது தலைக்கு மேல் கை போனாலே தரையோடு ஒட்டிக்கொள்வாள். அடி வாங்கியிருக்கலாம், தெரியாது. கையைக் கண்டால் தீனி வரும் என்று அவள் நம்புவதற்கே 7 மாதம் பிடித்தது. இத்தனை வித்தை கற்றும் இன்றுவரை கட்டிப்பிடித்தால் அவளுக்குப் பிடிக்காது, நான் கட்டிப்பிடிப்பதும் இல்லை. பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்பது இந்த இடத்தில்தான்.

அப்புறம் 'மரம்' விளையாட்டு. தெரியாத நாய் ஓடி வந்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு தன் பாதத்தைப் பார்த்தபடி அசையாமல் நிற்க வேண்டும். முதலில் என் உதவியாளர் கத்திக்கொண்டு ஓடுவார், நாய் துரத்தும் (அதற்கு இது பழகிய விளையாட்டு). அடுத்து அவர் மரமாக நிற்பார், நாய் ஒரு சுற்றுச் சுற்றி மோந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். கீழே விழுந்துவிட்டால் கல்லைப்போல் சுருண்டு, கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். சும்மா சொன்னால் போதாது, ஒவ்வொரு பிள்ளையையும் செய்ய வைக்க வேண்டும்.

அந்தக் குழுவிடம் கேளுங்கள்: நாய்க்குக் களைத்தால் ஒதுங்க ஒரு மூலை உண்டா? ஒரு நாளில் எத்தனை நிகழ்ச்சி? எதை வைத்துப் பழக்குகிறார்கள்? கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வார்டு_செவிலி:

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். ஒன்று மட்டும் தயவுசெய்து சேருங்கள். இந்த மாதிரி வகுப்புகள் பெரும்பாலும் 'தெரியாத நாய்' பற்றியே பேசுகின்றன, ஆனால் சின்னப் பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்தான். சொந்த வீட்டு நாய், மாமா வீட்டு நாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தது, தூங்கிக்கொண்டிருந்தது, குட்டி போட்டிருந்தது, இவள் போய்க் கட்டிக்கொண்டாள், என்று பெற்றோர் சொல்லக் கேட்டுக்கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருப்பதால் காயம் முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. ரொம்பச் சின்னப் பிள்ளைகளில் பலர் பல்லைக் காட்டி உறுமும் நாயைப் பார்த்து, அது சிரிக்கிறது என்றே நினைக்கிறார்கள். பயிற்சிக்களம் சார், உங்கள் நாயால் அதையும் நடித்துக்காட்ட முடிந்தால் நல்லது. இன்னொன்று, உறுமுகிற நாயை வீட்டில் அடிக்காதீர்கள் என்று பெற்றோரிடமும் சொல்லுங்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை, அதை அடித்து அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கலாம்.

கடிபட்டதை, நகக்கீறலைக்கூட, திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கிற பிள்ளைகள் உண்டு. வெறிநோய் (ரேபிஸ்) என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம், கடித்தவுடனே சரியாக ஊசி போட்டால் தடுத்துவிடலாம். அதனால் "யாரும் திட்டமாட்டோம், உடனே வந்து சொல்லு" என்பதை டீச்சர் உங்கள் வாயால் பிள்ளைகள் கேட்க வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே மருத்துவரிடம். மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

படித்ததைச்_சொல்பவன்:

டீச்சர் கேட்டதற்கு நேரடியாக ஒரு ஆய்வு இருக்கிறது. 2000-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தொடக்கப் பள்ளிகளில் செய்தது, உங்கள் வகுப்பு வயதுப் பிள்ளைகள்தான், 7, 8 வயது. சில பள்ளிகளில் நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார், மற்றப் பள்ளிகளில் எடுக்கவில்லை. சில நாள் கழித்து விளையாட்டு மைதானத்தில் சாதுவான ஒரு லாப்ரடார் நாயைக் கட்டிவைத்துவிட்டு, அதன் சொந்தக்காரரை வேலைக்கு வந்த ஆள் மாதிரிச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, பிள்ளைகளை வெளியே விட்டார்கள். வகுப்பு கேட்காதவர்களில் 79 சதவீதம் பேர் கொஞ்சமும் யோசிக்காமல் போய்த் தடவினார்கள். வகுப்பு கேட்டவர்களில் 9 சதவீதம்தான். அரை மணி நேரத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 2009-இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளின் நடத்தை மாறக்கூடும், ஆனால் கடிபடுவதே குறைகிறது என்பதற்கு நேரடி ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. அதனால் ஒருமுறை நிகழ்ச்சி வைத்துவிட்டோம், முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியாக விடாமல் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்வதற்கு எந்த வகுப்பும் ஈடாகாது.

மூன்றாம்வகுப்பு_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. குழுவிடம் பேசினேன். ஒரு நாளில் ஒரே நிகழ்ச்சிதான், நாய்களுக்குத் திரை போட்ட கூண்டு கொண்டுவருவோம், நாய் உள்ளே போய்விட்டால் யாரும் கூப்பிடமாட்டோம் என்றார்கள். கடைசியில் எல்லோரும் தடவுகிற பகுதி வேண்டாம் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். பெற்றோரையும் அழைக்கிறேன், வீட்டு நாய் விஷயம் அவர்கள் காதில் விழ வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. கடிபட்ட அந்தப் பெண்ணை அன்றைக்கு வேறு வகுப்பில் உட்காரவைக்கவா?

பயிற்சிக்களம்:

நீங்களாக முடிவெடுக்காதீர்கள் டீச்சர், அவளிடமே கேளுங்கள். வருகிறேன் என்றால் கதவுக்குப் பக்கத்தில், உங்கள் அருகில் இடம் கொடுங்கள், எழுந்து போக நினைத்தால் யாரையும் கேட்காமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் நிகழ்ச்சிக்கும் அப்படி ஒரு பையன் வந்தான். கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றான், பக்கத்திலேயே வரவில்லை. பாயில் இருந்தவள் உதட்டை நக்கியதும் "தூக்கம் வருது" என்று எல்லோரும் கத்தினபோது, "இல்ல, அவளுக்குப் பயமா இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவன்தான்.