நம்பிக்கை இல்லாதவர் ஆராதனைக்குப் போகலாமா?

கேள்வி – தனிக்குரல்

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. யார் மீதும் கோபப்பட்டு விட்டதல்ல. கல்லூரிக் காலத்தில் மெல்ல மெல்லக் கரைந்துபோனது, பிறகு திரும்பவில்லை. இப்போது புது ஊரில், வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். நாள் முழுவதும் சொற்களோடுதான் இருக்கிறேன், ஆனால் யாரிடமும் பேசுவதில்லை. அண்மையில் காய்ச்சலில் படுத்திருந்தபோது மருந்து வாங்கித் தர யாரைக் கேட்கலாம் என்று யோசித்தேன். ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. நானே எழுந்து போனேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறார். தாழ்ந்த குரலில் பாடும் பெண்கள் அங்கே குறைவாம், என்னை அழைக்கிறார். பாடுவது எனக்கு உயிர். ஆனால் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் என்னும் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது நான் என்ன செய்வது? ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொன்னால் பொய். சும்மா உதட்டை அசைத்தால் அதுவும் பொய்தான். அவர்களுக்கு உயிர்நாடியான ஒன்றை என் தனிமைக்கு மருந்தாக எடுத்துக்கொள்வது நியாயமா?

பதில் – கீர்த்தனை

நான் விசுவாசி. எங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறேன். கட்டாயம் வாருங்கள், ஆனால் போதகரிடமும் குழுவை நடத்துபவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். “எனக்கு நம்பிக்கை இல்லை, பாட விரும்புகிறேன்” என்றால் போதும். சொல்லாமல் வந்தால் நான் உங்களை விசுவாசி என்றே எண்ணி, என் மனத்தில் உள்ள ஜெபக் குறிப்புகளையெல்லாம் உங்களிடம் சொல்லியிருப்பேன். பிறகு உண்மை தெரியும்போது வலிக்கும். நீங்கள் நம்பாததற்காக அல்ல, என்னிடம் மறைத்ததற்காக.

பிரமாணம் சொல்லும்போது எல்லோருடனும் எழுந்து நில்லுங்கள், வாயைத் திறக்க வேண்டாம். யாரும் உங்களைக் கவனிக்கப் போவதில்லை. அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து நேரத்தில் மட்டும் தயவுசெய்து இருக்கையிலேயே இருங்கள். அதை வெறும் சடங்காக நாங்கள் எண்ணுவதில்லை. பாட்டு அப்படியல்ல. பாடுகிறவர் ஒவ்வொரு வரிக்கும் சாட்சி சொல்கிறார் என்று நான் கருதவில்லை. சபை உறுப்பினர் மட்டுமே பாடலாம் என்ற விதி சில இடங்களில் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் – ஆய்வுமேசை

சமூகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மத ஈடுபாடு உள்ளவர்கள் ஏன் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு கொள்கிறார்கள் என்று சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஆராய்ந்து 2010-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பெரும் பங்கு சபைக்குள் கிடைத்த நெருங்கிய நட்புக்குத்தான் என்பது அவர்கள் கண்டது. வாரந்தோறும் வந்தும் அங்கே நண்பர் யாரும் இல்லாதவர்களுக்கு அந்தக் கூடுதல் நிறைவு இல்லை. ஆகவே கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு முடிந்ததும் கிளம்பிவிடுவதானால் வீட்டிலேயே இருக்கலாம். பாடகர் குழு நல்ல வழி. ஒத்திகை இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது, நீங்கள் வராவிட்டால் “ஏன் வரவில்லை?” என்று கேட்க ஆள் இருக்கிறது.

பதில் – வெளியே வந்தவள்

மேலே சொன்ன ஆய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். மதம் தன் அடையாளத்தின் முக்கியப் பகுதி என்று கருதியவர்களிடம்தான் அந்தச் சபை நட்பின் பலன் தெளிவாகத் தெரிந்தது. நம்பாதவருக்கும் அதே பலன் கிடைக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. 2016-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வையும் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அமெரிக்காவில் 74,000-க்கும் மேற்பட்ட செவிலியப் பெண்களை 16 ஆண்டுகள் கவனித்ததில், வாரத்தில் ஒரு முறைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்களின் இறப்பு விகிதம் போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். உங்களைப் போன்ற ஒருவரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

நான் நம்பிக்கை போன பின்பும் பல ஆண்டுகள் ஒரு சபையில் இருந்தேன். அன்பு உண்மையானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் யாரை மணக்கப் போகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து என் தொலைபேசி ஒலிக்கவில்லை. நீங்கள் எதைச் சொன்னால் அந்த நட்பு முறியும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வேறு வாசல்களும் உண்டு. கடவுள் கொள்கை இல்லாமல் கூடும் நெறிக் கழகத்தை ஃபீலிக்ஸ் ஆட்லர் 1876-இல் நியூயார்க்கில் தொடங்கினார். 2013-இல் லண்டனில் தொடங்கிய ‘சண்டே அசெம்பிளி’ பாட்டும் உரையுமாகப் பல நாடுகளில் பரவியது, பிறகு பல கிளைகள் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பழக்கத்தை ஆர்வத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது என்று நினைக்கிறேன். மதம் சாராத பாடகர் குழு ஒன்றை முதலில் தேடுங்கள்.

பதில் – தனிக்குரல்

எல்லோருக்கும் நன்றி. மதம் சாராத குழுவைத் தேடிப் பார்த்தேன், எங்கள் ஊரில் இல்லை. அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நான் உனக்காக ஜெபித்தால் கோபித்துக்கொள்வாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன், மனதாரத்தான். நம்பிக்கை வருமா என்று அடிக்கடி கேட்டால் மட்டும் வருத்தமாக இருக்கும் என்றும் சொன்னேன். கேட்கமாட்டேன் என்றார்.

வெளியே வந்தவள் சொன்னதைப் போதகரிடம் அப்படியே கேட்கப் போகிறேன்: இங்கே ஒருவர் எதைச் சொன்னால் மற்றவர்கள் விலகுவார்கள்? அவர் நேராகப் பதில் சொன்னால் ஒத்திகைக்குப் போவேன். மழுப்பினால், அக்காவின் வீட்டு வாசலில் அவரோடு பாடுவேன், அதற்கு அவர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார்.