மீன் மாட்டியிருக்கும்போது கரடி வந்தால்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

மழைக்குருவி:
அலாஸ்காவில் புரூக்ஸ் ஆறு. ஜூலை மாதம், சாக்கை சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் நேரம், சொல்லவே வேண்டாம். மீன் மாட்டி, தூண்டில் ரீல் கிர்ரென்று ஓடுகிறது. எதிர்க்கரைப் புல்லை விலக்கிக்கொண்டு பழுப்புக் கரடி ஒன்று தண்ணீரில் இறங்கியது. எங்களை அது பார்க்கவே இல்லை. மீன் துள்ளித் தண்ணீர் தெறித்த இடத்தையே பார்த்தது, காது இரண்டும் அந்தப் பக்கம். உடனே தூண்டில் நரம்பை அறுத்துவிட்டேன். துள்ளல் அடங்கியதும் கரடியும் நின்றுவிட்டது, மோவாயிலிருந்து நீர் சொட்டச் சொட்ட. பக்கத்தில் நின்றவர், "இவ்வளவு நல்ல மீனைப் போய் விட்டுட்டீங்களே" என்றார். அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது.

கரையோரம்:
அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கரடி தூரத்தில் இருந்தால் சட்டென்று இழுத்துக் கரை சேர்த்துவிடலாமே. அதே அலாஸ்காவின் ரஷ்யன் ஆற்றில் என்னை நடுங்க வைத்தது வேறு. யாரோ கரையில் வைத்துவிட்டுப் போன பை. குட்டியோடு வந்த தாய்க்கரடி அதைக் காலால் அழுத்திக்கொண்டு, பல்லால் ஒரே இழுப்பில் கிழித்தது. பை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும்.

ஓடைக்காரன்:
கரையோரம், இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. புரூக்ஸில் 50 கஜத்துக்குள் கரடி வந்தால் தூண்டிலை நிறுத்தியாக வேண்டும், மீன் மாட்டியிருந்தால் நரம்பை அறுத்தாக வேண்டும். விதியே அதுதான். மனிதரிடம் மீன் கிடைக்கும் என்று ஒருமுறை பழகிய கரடி அடுத்தவரையும் தேடி வரும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்லும்படி ஆகிவிடும்.

நான் கரடியை எதிர்கொண்டது ஓர் ஆற்று வளைவில். தண்ணீர் இரைச்சலில் அது வருவது எனக்கும் கேட்கவில்லை, நான் வருவது அதற்கும் கேட்கவில்லை. தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே பின்வாங்கினேன், அது புதருக்குள் போய்விட்டது.

அப்புறம், கேட்காவிட்டாலும் கரடி ஸ்பிரே (கரடியை விரட்ட மிளகாய்க் காரம் பீச்சும் குப்பி) பற்றிச் சொல்லிவிடுகிறேன். பைக்குள் போடாதீர்கள், இடுப்பிலோ மார்பிலோ மாட்டுங்கள். சுமார் 9 மீட்டர்தான் எட்டும். எதிர்க்காற்று என்றால் நம் கண்ணிலேயே அடிக்கும். கூடாரத்தின் மேல் அடித்து வைக்கவே கூடாது, அந்த வாடைக்கே கரடி வந்து புரளும். எந்தக் கரடியானாலும் ஓடாதீர்கள், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது அது. பழுப்புக் கரடி மேலே விழுந்து தாக்கினால் குப்புறப் படுத்து, பிடரியைக் கையால் மூடி அசையாமல் கிடங்கள், முதுகுப் பையைக் கழற்ற வேண்டாம். கருங்கரடி தாக்கினால் படுக்கக் கூடாது, மூஞ்சியிலேயே அடித்துப் போராட வேண்டும். மீன் கழிவைக் கரையில் விடாமல், சின்னத் துண்டுகளாக நறுக்கி ஆழமான ஓட்டத்தில் எறியுங்கள். ரஷ்யன் ஆற்றில் அதையேதான் சொல்கிறார்கள்.