ஸ்ட்ரைக் நாட்களில் உங்கள் கூட நின்றது யார்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாலிகிராமத்துக்காரன்:

2018ல் நான் உதவி இயக்குநர். மார்ச் 1 முதல் புதுப் படம் ரிலீஸ் கிடையாது, 16 முதல் ஷூட்டிங்கும் கிடையாது என்று தயாரிப்பாளர் சங்கம் அறிவித்தது. தியேட்டர்களில் டிஜிட்டல் முறையில் படம் திரையிட்டுத் தரும் கம்பெனிகள் வாங்கும் வி.பி.எஃப். கட்டணத்தை எதிர்த்து நடந்த ஸ்ட்ரைக் அது. அதாவது ஸ்ட்ரைக் முதலாளிகளுடையது, பட்டினி மட்டும் எங்களுடையது. ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை இழுத்தது. எங்களுக்கு ஷூட்டிங் நாளில் பேட்டா, கம்பெனி சாப்பாடு. ஷூட்டிங் இல்லையென்றால் இரண்டும் இல்லை.

அறையில் 4 பேர். தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சிதான் முதலில் கண்டுபிடித்தார். "என்ன தம்பி, முட்டை வாங்கறதையே விட்டுட்டீங்க?" விஷயத்தைச் சொன்னேன். நீள நோட்டை எடுத்து "சினிமா 1" என்று எழுதினார். பேர் கேட்கவில்லை. ஏன் அண்ணாச்சி என்றதற்கு, "நாளைக்கு நீங்க பெரிய டைரக்டர் ஆயிட்டா, பேரைப் பார்த்து எனக்குத்தான் கூச்சமா இருக்கும்" என்றார். ஏப்ரல் வருவதற்குள் அந்த நோட்டில் "சினிமா 9" வரை ஆள் சேர்ந்துவிட்டது. அரிசி, பருப்பு, முட்டை, சோப்பு எல்லாம் கணக்கில் உண்டு. சிகரெட் மட்டும் கிடையாது. அதில் அவர் கறார்.

2023ல் ஹாலிவுட்டில் மே 2 அன்று எழுத்தாளர்களும், ஜூலை 14 அன்று நடிகர்களும் வேலையை நிறுத்தினார்கள். 1960க்குப் பிறகு இரண்டு சங்கமும் சேர்ந்து நின்றது அப்போதுதான். செய்தி படித்தபோது எனக்கு அண்ணாச்சி நோட்டுதான் ஞாபகம் வந்தது. கோடம்பாக்கமோ ஹாலிவுட்டோ, உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

---

ரோட்டோ ராத்திரி:

அந்த 2023 ஸ்ட்ரைக்கில் வேலை போனவன் நான். இருந்த இடம் சென்னை.

ரோட்டோ என்றால் தெரியாதவர்களுக்கு: படத்தில் ஓடும் ஆளை ஃபிரேம் ஃபிரேமாக ஓரம் பிடித்து வெட்டி எடுக்கும் வேலை. தலைமுடி பறந்தால் அன்றைக்கு நம் ஆயுசு போச்சு. எங்கள் ஷாட்டெல்லாம் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே ஷூட்டிங் நின்ற முதல் சில மாதம் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏற்கெனவே எடுத்து வைத்தது வந்துகொண்டிருந்தது. அப்புறம் நைட் ஷிஃப்டை எடுத்தார்கள். அப்புறம் எங்கள் வரிசையில் 11 பேரை. எனக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த நடிகர்களைத்தான் திட்டினேன். கோடி கோடியா சம்பாதிக்கிறவனுக்கு என்ன ஸ்ட்ரைக் என்று. அப்பா லைட்மேன், பெப்சி என்ற சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்தில் உறுப்பினர். 1997ல் பெப்சிக்கும் படைப்பாளிகளுக்கும் (இயக்குநர், தயாரிப்பாளர் தரப்பு) நடந்த சண்டையில் பல மாதம் வீட்டில் உட்கார்ந்தவர். அம்மா தாலிச் சங்கிலி அப்போதுதான் அடகுக் கடைக்குப் போனது. அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அங்க லைட்மேன் என்னடா பண்றான்?" என்று கேட்டார். அவனுக்கும் வேலை இல்லைப்பா என்றேன். "அவன் யாரைத் திட்றான்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அதற்காகவே தேட ஆரம்பித்தேன். அங்கே நடிகர் சங்கத்தில் அப்போது சுமார் 1,60,000 பேர். 2023ல் வருஷத்துக்கு 26,470 டாலர் நடித்துச் சம்பாதித்தால்தான் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு, பெரும்பாலானவர்கள் அந்தத் தொகையையே தொட்டதில்லை. டி.வி. காலத்தில் மறு ஒளிபரப்புக்கெல்லாம் பணம் வரும், அதை வைத்துத்தான் வேலையில்லாத மாதங்களை ஓட்டுவார்கள். ஓடிடியில் அது சுருங்கிவிட்டது. ஒரு டாலர்கூடத் தேறாத செக்குகளை நடிகர்கள் வெளியே காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

அப்பாவுக்குப் பிடித்தது வேறு. ட்ரூ கேரி என்று ஒரு நகைச்சுவை நடிகர், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இரண்டு ஓட்டல்களில் சொல்லி வைத்துவிட்டார்: எழுத்தாளர் சங்க அட்டையைக் காட்டினால் சாப்பாடு, பில் என்னுடையது. ஸ்ட்ரைக் முடியும்வரை. எழுத்தாளர்களுடையது மட்டும் 148 நாள் ஓடியது. இதைச் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "டிப்ஸும் அவரேவா?" (ஆமாம்பா, அவரே.)

---

மைக் முன்னாடி:

நான் டப்பிங். கார்ட்டூன் குழந்தை, பேய், ஹீரோயினின் தோழி எல்லாம் நான்தான். ஹாலிவுட் படங்களும் பேசுவேன். நடிகர்கள் விளம்பரத்துக்கு வர மாட்டார்கள் என்பதால் அங்கே படங்களைத் தள்ளிப்போட்டார்கள். "டியூன்" இரண்டாம் பாகமே 2023 நவம்பரிலிருந்து 2024 மார்ச்சுக்குப் போனது. அங்கே தேதி தள்ளினால் இங்கே எங்கள் கால்ஷீட்டும் தள்ளும்.

அந்தக் காலி நேரத்தில்தான் ஒரு போன். மூன்று மணி நேரம் சும்மா வாசிக்கணும், 6,000 ரூபாய். போனேன். வாசிக்கக் கொடுத்த தாளில் கதையே இல்லை. "நாளை மழை வரலாம். கணக்கு எண்ணை அழுத்தவும். எனக்குக் கோபமாக இருக்கிறது. எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது." இப்படி 40 பக்கம். இது எதுக்குப்பா என்றால், "டெஸ்ட் மேடம்" என்றான் அந்தப் பையன். ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன். என் குரலை அண்டசராசரம் முழுக்க, எக்காலத்துக்கும் பயன்படுத்தலாமாம். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

அதே வாரம்தான் ஹாலிவுட் நடிகர்களின் ஸ்ட்ரைக் நவம்பர் 9ல் முடிந்த செய்தி வந்திருந்தது. அவர்களின் புது ஒப்பந்தப்படி, கம்ப்யூட்டரில் ஒருவர் உருவத்தை, குரலைச் செய்தால் சம்மதம் வாங்கணும், காசு கொடுக்கணும். அதற்கு 118 நாள் தெருவில் நின்றிருக்கிறார்கள். நான் பென்சில் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆட்டோவில் வரும்போதே எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். மூன்று பேர் போகவில்லை. ஒருத்தி போனாள், பையனுக்கு ஃபீஸ் கட்டணும். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று பேர்தான் இன்றைக்கும் எனக்கு சங்கம்.

அடுத்த ஜனவரியில் "லால் சலாம்" பாட்டில் இறந்துபோன இரண்டு பாடகர்களின் குரல் ஏஐ மூலம் வந்தது. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக ரகுமான் சொன்னார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குடும்பம் சரி என்று சொல்லலாம், செத்தவர் என்ன சொல்லியிருப்பார்? எனக்கு இது இன்னும் தீரவில்லை. என் பெண்ணிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், என் குரலை யாருக்கும் கொடுக்காதே என்று. "யாரு கேட்கப்போறா" என்கிறாள்.

---

பால்கனி டிக்கெட்:

நான் சினிமாக்காரன் இல்லை, வங்கி ஊழியன். ஆதரவாக இருக்கட்டும் என்று இரண்டு ஓடிடியை நிறுத்தினேன். வீட்டில்தான் ஸ்ட்ரைக் வந்தது.

---

சாலிகிராமத்துக்காரன்:

@பால்கனி டிக்கெட், அந்த இரண்டு சங்கமும் சந்தாவை நிறுத்தச் சொல்லி யாரையும் கேட்கவே இல்லை. வீட்டில் சமாதானமாகப் போங்கள்.

@ரோட்டோ ராத்திரி, இப்போது வேலை இருக்கிறதா? தனியாகச் செய்தி அனுப்புங்கள், ஒரு இடம் தெரியும்.

அண்ணாச்சி கணக்கை 2019 பொங்கலுக்கு முன்னால்தான் நான் முடித்தேன். 3,140 ரூபாய். 40ஐ வேண்டாம் என்றார். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். எட்டுப் பேர் பக்கத்தில் குறுக்குக் கோடு, "சினிமா 4" மட்டும் அப்படியே இருக்கிறது, 1,870. "காசுக்குச் சொல்லல தம்பி, அந்தப் பையன் ஊருக்குப் போயிட்டானா, படம் பண்ணிட்டானான்னு தெரியல" என்றார். கறுப்பாக, உயரமாக, எப்போதும் ஒரு ரெக்சின் பையோடு வருவாராம், கோல்கேட் சின்னப் பாக்கெட்தான் கேட்பாராம். இதை நீங்கள் படித்தால், கடை எதிர்ச்சாரிக்கு மாறிவிட்டது, மெடிக்கலை ஒட்டி.