உச்சியில் பந்தின் முடுக்கம் பூஜ்யமா, 9.8-ஆ? ஃபோன் ஆப் வேறு குழப்புகிறது, உதவி தேவை

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி)

வணக்கம். நேராக மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போனதும் திசைவேகம் பூஜ்யம் ஆகிவிடும், அது புரிகிறது. ஆனால் அந்த இடத்திலும் முடுக்கம் 9.8 மீ/வி² என்று விடை போட்டிருக்கிறார்கள். நிற்கிற பொருளுக்கு எப்படி முடுக்கம் இருக்கும்? செய்தே பார்த்துவிடலாம் என்று, ஃபோன் சென்சார்கள் அளப்பதைக் காட்டும் ஃபைஃபாக்ஸ் ஆப்பைப் போட்டு, ஃபோனை மெத்தைக்கு மேலே கொஞ்சமாகத் தூக்கிப் போட்டேன். மேசையில் சும்மா கிடக்கும்போது 9.8 காட்டுகிறது, காற்றில் இருக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படியே தலைகீழ்! புத்தகம் சரியா, ஃபோன் சரியா, இல்லை சென்சார் போய்விட்டதா? திங்கட்கிழமை டெஸ்ட் இருக்கிறது.

பதில் (இயற்பியல் ஆசிரியர்)

புத்தகம் சரிதான்மா. ஃபோனை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பந்தை மட்டும் பார். 19.6 மீ/வி வேகத்தில் மேலே எறிகிறாய், மேல்நோக்கிய திசை நேர்க்குறி, காற்றுத் தடை இல்லை என்று வைத்துக்கொள். 1 வினாடி கழித்துத் திசைவேகம் 9.8, 2 வினாடியில் 0, 3 வினாடியில் −9.8, 4 வினாடியில் −19.6, பந்து கைக்கு வந்துவிடும். இப்போது அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார், எங்கே கழித்தாலும் −9.8 தான் வரும்.

இந்தக் கணத்தில் திசைவேகம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அது எந்த வீதத்தில் மாறிக்கொண்டிருக்கிறது என்பது வேறொரு கேள்வி. முடுக்கம் இரண்டாவது கேள்விக்கான விடை. 9.8 இலிருந்து −9.8 க்குப் போகும் வழியில் பந்து 0 ஐத் தாண்டுகிறது, அவ்வளவே, மாறுவது அங்கே நிற்கவில்லை. பந்தின் மேல் இருக்கும் ஒரே விசை பூமியின் இழுப்பு, உச்சியிலும் அதே அளவில்தான் அது இருக்கிறது. முடுக்கமும் பூஜ்யமாகி அப்படியே இருந்துவிட்டால் பந்து அந்தரத்திலேயே இருக்கும், திரும்பி வராது. ‘நிற்கிற பொருள்’ என்று எழுதியிருக்கிறாயே, சிக்கல் அங்கேதான். நிற்பது என்றால் சிறிது நேரமாவது திசைவேகம் பூஜ்யமாகவே நீடிக்க வேண்டும். பந்துக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது.

பதில் (எலக்ட்ரானிக்ஸ் துறையில் இருப்பவன்)

ஃபோன் விஷயத்துக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. சென்சார் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது அளப்பது நீ நினைக்கிற முடுக்கத்தை அல்ல. அந்தச் சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிலிக்கானில் செய்த ஒரு சிறு நிறை, சுருள்வில் போல வளையும் கைகளில் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கைகள் எவ்வளவு வளைந்தன என்பதுதான் திரையில் எண்ணாக வருகிறது. மேசையில் கிடக்கும்போது மேசை ஃபோனை மேல்நோக்கித் தாங்குகிறது, உள்ளே இருக்கும் நிறையோ தன் எடையால் கைகளை வளைக்கிறது, அதனால் 9.8. காற்றில் விட்டதும் ஃபோனும் உள்ளே இருக்கும் நிறையும் ஒரே மாதிரி விழுகின்றன, வளைக்க ஒன்றும் இல்லை, அதனால் பூஜ்யம்.

உன் வரைபடத்தை மறுபடி திறந்து பார். கையை விட்ட கணத்திலிருந்து மெத்தையில் விழும் வரை முழுவதும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், உச்சிக்கென்று தனியாக எதுவும் இருக்காது. ஆகவே அது உச்சியைப் பற்றிச் சாட்சி சொல்லவே இல்லை. ஃபோன் சுழன்றால் கொஞ்சம் வேறு எண்கள் வரும், சுழலாமல் விடு. அந்த ஆப்பிலேயே ‘ஜி’ (ஈர்ப்பு முடுக்கம், அந்த 9.8) சேர்த்து ஒன்று, ‘ஜி’ இல்லாமல் ஒன்று என இரண்டு இருக்கின்றன. நீ எடுத்தது சேர்த்தது. இல்லாதது ஈர்ப்பைக் கணக்குப் போட்டுக் கழித்துக் காட்டுவது. தூக்கிப் போடும் சோதனைக்கு அதை நான் நம்பமாட்டேன்.

கேட்டவர்

நன்றி சார், நன்றி அண்ணா. வரைபடம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. அப்புறம் இன்னொன்று: −9.8 என்றால் எதிர் முடுக்கம், வேகம் குறைய வேண்டும். பந்து கீழே வரும்போது வேகம் கூடுகிறதே, அப்போதும் ஏன் −9.8?

பதில் (இயற்பியல் ஆசிரியர்)

குறி திசையை மட்டும்தான் சொல்கிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், எதிரெதிர்க் குறியில் இருந்தால் குறையும். மேலே போகும்போது திசைவேகம் நேர்க்குறி, முடுக்கம் எதிர்க்குறி, குறைகிறது. கீழே வரும்போது இரண்டுமே எதிர்க்குறி, கூடுகிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் திசையும் மாறும்: 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் பஸ் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் சீராகத் திரும்பினாலும் மையத்தை நோக்கி 2 மீ/வி² முடுக்கம் உண்டு. டெஸ்டில் முதல் வரியிலேயே எந்தத் திசையை நேர்க்குறியாக எடுத்தாய் என்று எழுதிவிடு, பாதித் தவறு அங்கேயே போய்விடும்.

பதில் (கல்லூரி ஆய்வகத்தில் வேலை)

உச்சியைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்றால் வீடியோ எடு. சுவரில் அளவு டேப்பை நேராக ஒட்டி, அதன் முன்னால் பந்தை மேலே எறி. வினாடிக்கு 30 படம் என்றால் 3 படத்துக்கு 0.1 வினாடி. உச்சியிலிருந்து அடுத்தடுத்த 0.1 வினாடிகளில் பந்து 4.9, 14.7, 24.5 செ.மீ. இறங்க வேண்டும், அதாவது 1 : 3 : 5. கலிலியோ சாய்தளத்தில் உருண்ட குண்டுகளிடம் கண்ட அதே ஒற்றை எண் வரிசை, 1638 இல் அச்சிட்டார். உச்சிக்கு முன்னாலும் அதே அளவுகள் தலைகீழாக வரும். உச்சியில் முடுக்கம் காணாமல் போயிருந்தால் இந்த வரிசை அங்கே உடைந்திருக்கும்.

கேட்டவர்

எடுத்துப் பார்த்தேன்! 5, 14, 22 வந்தது. உச்சிக்கு முன்னாலும் ஏறக்குறைய அப்படித்தான். கடைசி எண் மட்டும் ஏன் இவ்வளவு குறைகிறது?

பதில் (கல்லூரி ஆய்வகத்தில் வேலை)

நல்ல அளவீடு. பந்து சுவரை விட்டுத் தள்ளி வந்து விழுந்ததா, கேமரா மிக அருகில் இருந்ததா என்று பார். அருகிலிருந்து எடுத்தால் சுவர் டேப்பில் படிக்கும் இடம் தவறாகும். கேமராவை மூன்று மீட்டர் தள்ளி, உச்சியின் உயரத்துக்கு வைத்து, பந்தைச் சுவரை ஒட்டி எறி. வேகமாக நகரும்போது படத்தில் பந்து நீண்டு கலங்கித் தெரியும், எப்போதும் அதன் நடுப்பகுதியையே குறித்துக்கொள்.