பிள்ளைக்கு முதல் தூண்டில் ரீல் வாங்கிய கதை

தக்கைக்காரன், டொராண்டோ:

மகனுக்கு 5 வயது முடிந்த ஜூன் மாதம். தந்தையர் தின வார இறுதியில் ஒன்ராறியோவில் வசிப்பவர்கள் உரிமம் இல்லாமலே தூண்டில் போடலாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எந்த நாளிலும் உரிமம் வேண்டியதில்லை என்பதால் அந்தச் சலுகை எனக்குத்தான். முதல் நாள் மாலை கடைக்குப் போனோம். முகமூடி அணிந்த கார்ட்டூன் வீரன் ஒட்டிய இரண்டரை அடிக் கம்பும், தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலும் ஒரே அட்டையில் தொங்கின. அதற்குப் பிறகு வேறு எதையும் அவன் பார்க்கவில்லை. நானும் விலையை மட்டும்தான் பார்த்தேன்.

பீட்டர்பரோவுக்குத் தெற்கே ரைஸ் ஏரி. போகிற வழியில் பெட்ரோல் நிலையத்துக் குளிர்பெட்டியில் மண்புழு டப்பா ஒன்று வாங்கிக்கொண்டோம். அங்கே அதைக் குளிர்பானப் புட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். அவனுடைய முதல் மூன்று வீச்சும் படகுத்துறைப் பலகையிலேயே விழுந்தன. நான்காவது தண்ணீரில். தக்கை இரண்டு முறை நடுங்கிவிட்டு உள்ளே போனது.

அவன் கைப்பிடியைச் சுற்றுகிறான். ரீலுக்குள் பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம். நரம்பு மட்டும் உள்ளே வரவில்லை. "அப்பா, நான் சுற்றுகிறேன், மீன் வரமாட்டேன் என்கிறது!" கடைசியில் நரம்பைக் கையாலேயே இழுத்து ஏற்றினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு ப்ளூகில், செவுளோரம் கருநீலம். அவனுக்கு மகிழ்ச்சிதான். எனக்குத்தான் அவமானம். வீட்டுக்கு வந்து மூடியைத் திருகிப் பார்த்தால் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் நான்கு பல் மழுங்கிக் கிடந்தது.

இப்போது அவன் கையில் இருப்பது ஸெப்கோ 33. அதுவும் மூடிய முகம் உள்ள, பொத்தானை அழுத்தி வீசும் ஸ்பின்காஸ்ட் வகைதான். ஆனால் பெரியவர்களுக்காகச் செய்தது. 1954 முதல் விற்பனையில் இருக்கும் மாதிரி. இதன் கதை எனக்குப் பிடித்த ஒன்று: அமெரிக்காவின் டல்சா நகரில் எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரவெடி செய்துகொண்டிருந்த கம்பெனியிடம், கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் இந்த யோசனையைக் கொண்டுபோனார். மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட நூல் உருவும்போது உருளை சுழலாமல் அப்படியே நிற்க, நூல் மட்டும் அதன் முனை வழியாக வந்ததைக் கண்டாராம். வீசும்போது ரீலுக்குள் நடப்பதும் அதுவேதான். உருளை சுழலாததால் பிள்ளை எப்படி வீசினாலும் பெரிய சிக்கல் விழுவதில்லை.

ஒரு குறை உண்டு. பொத்தான் கொஞ்சம் இறுக்கம். கடையிலேயே பிள்ளையை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மூன்று எண்ணும்வரை விரல் தாங்குகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, மீன் வலுவாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கை ரொம்பத் தளர்த்தி வைக்காதீர்கள். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போதும் பிள்ளை விடாமல் சுற்றும். உள்ளே எதுவும் ஏறாது, நரம்பு மட்டும் முறுக்கேறி அடுத்த வீச்சில் சுருண்டு நிற்கும்.

மழலைப்பட்டாளம், சிங்கப்பூர்:

உங்கள் ஏரியில் மண்புழு சரி. இங்கே நீர்த்தேக்கங்களில் அனுமதித்த இடங்களில் மட்டும்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரையோடு. செயற்கை இரை என்றால் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. வீச வேண்டும், இழுக்க வேண்டும், மறுபடி வீச வேண்டும். இரையோ இறகு மாதிரி லேசு. மூடிய ரீலில் நரம்பு மூடியின் துளையில் உரசிக்கொண்டு வருவதால் அது பத்தடி தள்ளிப் போவதற்கே திணறியது.

அதனால் 7 வயது மகளுக்கு மூடியில்லாத ஸ்பின்னிங் ரீல் வாங்கினேன், 1000 என்ற சிறிய அளவில். அவள் இடக்கைக்காரி. கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முடிந்தது பெரிய உபகாரம். ஆனால் கற்றுக்கொடுத்த முதல் வாரத்தை நினைத்தால் இன்னும் தலை சுற்றும். ஆள்காட்டி விரலில் நரம்பைப் பிடி, கம்பி வளையத்தைத் திற, வீசும்போது விரலை விடு, வளையத்தை மூடு. நாலாவதை மறந்துவிடுவாள். மூடாமல் சுற்றினால் உருளை மேலும் கீழும் ஆடும், நரம்பு ஏறாது. முள்ளே கட்டாமல் ஒரு ரப்பர்க் குண்டைக் கட்டி, புளோக்குக்குக் கீழே புல்வெளியில் துணி ஊறவைக்கும் வாளியைக் குறியாக வைத்துப் பத்து நாள் வீசவிட்டேன். பக்கத்து வீட்டு மாமா தினமும் நின்று பார்த்துவிட்டு, "இன்று எத்தனை மீன்?" என்று கேட்டுவிட்டுப் போவார். பதினோராம் நாள் வாளிக்குள் விழுந்தது. விரல் எட்டாத பிள்ளைக்கு இந்த ரீல் வேண்டாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆற்றங்கரையான், திருநெல்வேலி:

போன விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பேத்திக்கு மாப்பிள்ளை பெய்ட்காஸ்டர் என்ற வகை ரீல் வாங்கிக் கொடுத்திருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அதில் வீசும்போது உருளையே சுழலும். பெருவிரலால் தடவித் தடவி அதன் வேகத்தை அடக்க வேண்டும். 8 வயதுக் குழந்தைக்கு அந்தப் பக்குவம் எங்கிருந்து வரும்? தூண்டில் குண்டு தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் உருளை நிற்காமல் சுழன்று, உள்ளே ஒரு தூக்கணாங்குருவிக் கூடே கட்டிவிட்டது. தாமிரபரணி படித்துறையில் மாமனாரும் மருமகனுமாக ஊக்கை வைத்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குள் அவள் நான் வைத்திருந்த மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டாள். கம்பு நீளத்துக்கே நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, சுண்டைக்காய் அளவு மைதா உருண்டை. நாங்கள் நிமிர்ந்து பார்த்தபோது வாளியில் ஐந்து ஜிலேபிக் கெண்டை.

தக்கைக்காரன், டொராண்டோ:

ஐயா, மாப்பிள்ளை என்ன சொன்னார்?

ஆற்றங்கரையான், திருநெல்வேலி:

அவர் எங்கே நிமிர்ந்தார்? நரம்பை வெட்டிவிடலாம் என்றேன், கேட்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு முடிச்சுதான் மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.