ஹைலைனில் நோயாளியாகப் போன அனுபவம்

கோத்தகிரியிலிருந்து:
கயிறு மீட்பில் (பள்ளம், பாறைச் சரிவுகளில் சிக்கியவர்களைக் கயிறு கட்டி மீட்பது) அடிப்படை முடித்தவர்களுக்கான அடுத்த கட்டப் பயிற்சிக்குப் போயிருந்தேன். பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஸ்ட்ரெச்சரைக் கயிற்றிலேயே கடத்தும் ‘ஹைலைன்’தான் முக்கியப் பாடம். கயிற்றை எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். நேர் எதிர். நடுவில் பாரம் தொங்கும் இடத்தில் கயிற்றின் இரு பக்கங்களுக்கும் இடையிலான கோணம் 120 டிகிரி ஆனாலே இரண்டு பக்க ஆங்கரும் (கயிற்றைக் கட்டியிருக்கும் பிடிமானம்) தனித்தனியாக முழு எடையைத் தாங்க வேண்டும். இன்னும் விரிந்தால் இழுவிசை எடையைவிடப் பல மடங்கு ஏறும். அதனால்தான் கொஞ்சம் தொய்வு விடச் சொன்னார்கள்.

எடை குறைவு என்று என்னையே நோயாளியாகப் படுக்க வைத்தார்கள். பட்டை போட்டு இறுக்கியதும் முகத்தில் விழுகிற மண்ணைக்கூடத் துடைக்க முடியாது. (நோயாளிக்கு எதற்கு ஹெல்மெட்டும் கண்ணாடியும் என்று யாரும் அப்புறம் கேட்கவில்லை.) இழுப்பதை நிறுத்தித் தொடங்கும்போது வருகிற குலுக்கலில் கயிறு அறுந்தே போச்சு என்று நெஞ்சு பதறும். ஸ்ட்ரெச்சரோடு கயிற்றில் தொங்கியபடி கூட வந்தவர் “இப்போ நிறுத்தப் போறாங்க, லேசா ஆடும்” என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்ததால் தாங்கினேன். நோயாளி வாந்தி எடுத்தால் ஸ்ட்ரெச்சரோடு ஒருக்களித்துச் சாய்க்க வேண்டுமே, அதையும் அந்தரத்தில் செய்து பார்த்தோம். கயிறு தெரிந்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரை நோயாளியோடு அனுப்பக் கூடாது என்பேன். முதலுதவி தெரிய வேண்டும், வாய் ஓயாமல் பேசவும் வர வேண்டும்.

பெரியகுளத்திலிருந்து:
அண்ணே, கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி மாதிரி ஊர்களில் டோலிதான் ஸ்ட்ரெச்சர். ஏறும்போது தலை முன்னால், இறங்கும்போது கால் முன்னால். தலை எப்போதும் மேட்டுப் பக்கம். எந்தப் பயிற்சிக்கும் போகாத பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது இது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களை முதலில் சுமந்து இறக்கியதும் ஊர்க்காரர்கள்தானே? விமானப்படை ஹெலிகாப்டர்களும் கருட் கமாண்டோக்களும் அப்புறம்தான் வந்தார்கள். பயிற்சியை அந்த ஊர்களுக்கே கொண்டு போகலாம். ஹைலைன் எல்லாம் வேண்டாம். சறுக்குகிற சரிவில் டோலியின் பின்பக்கம் ஒரு கயிற்றைக் கட்டி, மேலே மரத்தில் சுற்றி மெல்ல மெல்ல விட ஒரு ஆளுக்குத் தெரிந்தால் போதும். தூக்குகிறவர்கள் கால் வழுக்கினாலும் டோலி ஓடாது.

கோத்தகிரியிலிருந்து:
சரிதான் தம்பி, நானும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். மரத்தில் சுற்றும்போது சாக்கு மடித்துப் போடுங்கள், பட்டை உரியாது. கூடவே விசில். ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு மேலே, மூன்று கீழே. எங்கள் பயிற்சியாளர் கத்திக் கட்டளை இடவே விடமாட்டார். அருவிச் சத்தத்தில் ‘விடு’, ‘விடாதே’ இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.